பங்குனியில் மயிலிட்டிக்கு வாருங்கள்

அன்புள்ள தம்பிக்கு,

பங்குனி பிறந்த பிறகு வாருங்கள். மார்கழியிலும் தையிலும் வரக்கூடாது என்றில்லை. ஆனால் ஒரு தடவைதான் வரமுடியும் என்றால், பங்குனி நடுவிலிருந்து சித்திரைக் கடைசி வரையான நாட்களைத் தெரிந்தெடுங்கள். புதிதாக வாங்கிய தொலைநோக்கியோடு எங்கே போவது, பறவை பார்ப்பவர்கள் எல்லாரும் மன்னாரையும் சுண்டிக்குளத்தையும்தான் சொல்கிறார்கள், அப்பா பிறந்த மயிலிட்டியில் நின்று பார்க்க ஏதாவது இருக்கிறதா என்று கேட்டிருந்தீர்கள். இடப்பெயர்வுக்குப் பிறகு பிறந்த வலிகாமம் வடக்குப் பிள்ளைகள் பலருக்கும் இதே கேள்வி இருக்கும். அதனால்தான் எல்லாரும் படிக்கும்படி இங்கேயே பதில் எழுதுகிறேன்.

மன்னாரைச் சொல்பவர்கள் பிழையாகச் சொல்லவில்லை. மன்னாரின் வங்காலை 2010 இல் ராம்சார் பட்டியலில் சேர்ந்த ஈரநிலம். சுண்டிக்குளம் 1938 இலேயே பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டு, 2015 இல் தேசியப் பூங்காவானது. பூநாரைக் கூட்டத்தையும் ஊசிவால் வாத்துகளையும் ஆயிரக்கணக்கில் பார்க்க ஆசை என்றால் அங்கேதான் போகவேண்டும். மயிலிட்டியில் அப்படி விரிந்த சேற்றுநிலம் கிடையாது. சுண்ணாம்புக்கல் பாறை, அதன்மேல் கொஞ்சம் மணல், கரையை ஒட்டிப் பவளப்பார், அவ்வளவுதான். இந்தக் கரைக்கு வருகிறவர் எண்ணிக்கையை மறந்துவிட்டுத் திசையைப் பார்க்கவேண்டும்.

வரைபடத்தை விரித்துப் பாருங்கள். கீரிமலையில் தொடங்கி காங்கேசன்துறை, மயிலிட்டி, பலாலி, தொண்டைமானாறு என்று பருத்தித்துறை வரை போகும் இந்தக் கரைதான் இலங்கையின் வட எல்லை. எதிரே கோடியக்கரை. நடுவில் ஐம்பது கிலோமீற்றர் சொச்சம் கடல். ஐப்பசியில் வாடைக்காற்றோடு வரும் பறவை தீவின் எந்த மூலையில் இறங்கினாலும் நாங்கள் அதை வலசை என்று கொண்டாடுகிறோம். அது திரும்பிப் போவதை யாரும் கவனிப்பதில்லை. போகும் பறவைகள் எல்லாம் இந்த வழியே போகும் என்றும் சொல்லமாட்டேன். மன்னார் வழியாக ஒரு பெருங்கூட்டம் போகிறது. ஆனாலும் குடாநாட்டின் களப்புகளிலும் தரவைகளிலும் மாரி கழித்தவற்றில் ஒரு பகுதிக்கு இந்தப் பாறைக்கரைதான் கடைசி நிலம். வாடை ஓய்ந்து சோளகம் தொடங்குவதற்கு இடைப்பட்ட நாட்களில் கடல் எண்ணெய்போல் கிடக்கும். பிறகு தெற்கிலிருந்து மெல்லக் காற்று எழும். தரையிலிருந்து கடலுக்குப் போகிற அந்தக் காற்று, வடக்கே போகிற பறவைக்கு முதுகில் கைவைத்துத் தள்ளிவிடும் காற்று.

பங்குனியில் வரச்சொல்வதற்கு இன்னொரு காரணம் நிறம். புரட்டாசி, ஐப்பசியில் வந்து இறங்கும் கரைப்பறவைகள் எல்லாம் ஒரே சாம்பல். மணல் உப்புக்கொத்தியையும் உள்ளானையும் புத்தகத்தில் பார்த்துப் பிரித்தறிய முயன்ற எவரும் இந்த அலுப்பை அறிவார். அதே பறவைகள் பங்குனிக் கடைசியில் உடை மாற்றிவிடும். மணல் உப்புக்கொத்தியின் நெஞ்சில் செங்கல் நிறத்தில் ஒரு பட்டை விழும். வளைந்த அலகுள்ள சிறிய உள்ளான் கழுத்திலிருந்து வயிறு வரை சிவந்துவிடும். கல்திருப்பி உள்ளான், அலையடிக்கும் பாறையில் காய்ந்த பாசியைப் புரட்டி இரைதேடும் குள்ளப்பறவை, கறுப்பும் வெள்ளையும் செம்மஞ்சளுமாக மாறி நிற்கும். இது மயிலிட்டிக்கு ஏற்ற பறவை. சேறு வேண்டாம், பாறை போதும் அதற்கு. துறைமுகத்துக்குக் கிழக்கே அலை தெறிக்கும் கல்வரிசையில் பொறுமையாகத் தேடுங்கள். அசையாமல் இருந்தால் கல்லுக்கும் அதற்கும் வித்தியாசம் தெரியாது. பறந்தால்தான் முதுகின் வெள்ளைக்கோடுகள் காட்டிக்கொடுக்கும்.

இந்த நிறமெல்லாம் எங்களுக்காகப் போட்டது அல்ல. மணல் உப்புக்கொத்தி இமயத்துக்கு அப்பால் திபெத்திய மேட்டுநிலத்தில் கூடு வைக்கும். சிவந்த உள்ளான் சைபீரியாவின் வடகோடியில், ஆர்க்டிக் சமவெளியில் முட்டையிடும். துறைமுகத்தில் மீன்கழிவுக்குச் சண்டைபிடிக்கும் பழுப்புத்தலைக் கடற்காகத்துக்கு மாரியில் காதோரம் ஒரு பொட்டு மட்டுமே இருக்கும். பங்குனியில் தலை முழுதும் கோப்பிநிறம் ஏறிவிடும். மயிலிட்டி இறங்குதுறையில் சூடைமீன் கொத்தித் தின்ற அந்தப் பறவை, கோடையில் லடாக்கிலும் திபெத்திலும் நாலாயிரம் மீற்றர் உயரத்து ஏரிகளில் குஞ்சு பொரிக்கும். புறப்படுவதற்கு முந்திய வாரங்களில் கரைப்பறவைகள் விடாமல் தின்னும். தூரப் பயணம் போகும் இனங்கள் தம் உடல் நிறையில் பாதியளவு வரை கொழுப்பாகச் சேர்த்துக்கொள்ளும். அந்த நேரத்தில் அவற்றைத் துரத்துவது ஒரு மாதத்துச் சாப்பாட்டைத் தட்டிப் பறிப்பதற்குச் சமம். நாயோடு கரையில் ஓடும் பிள்ளைகளிடம் இதைச் சொல்லுங்கள். சொன்னால் கேட்பார்கள்.

எவ்வளவு தூரம் போகின்றன என்பதற்கு இப்போது சான்றும் இருக்கிறது. கொழும்புப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2021 இல் மன்னாரில் ஹியூக்ளின் கடற்காகங்களின் முதுகில் ஜிபிஎஸ் கருவி பொருத்தி விட்டார்கள். மேகா என்று பெயரிட்ட ஒன்று இந்தியாவைக் கடந்து வடரஷ்யாவின் யமால் குடாநாட்டுக்குப் போய், அங்கே கோடையைக் கழித்து, மறுபடி மன்னாருக்கே திரும்பியது. போகவர 19,000 கிலோமீற்றருக்கு மேல். எங்கள் கரையில் நிற்கும் மஞ்சள்கால் பெரிய கடற்காகங்களும் அதே இனம்தான்.

புறப்பாட்டைப் பார்க்க மாலையில் நில்லுங்கள். கரைப்பறவைகள் பெரும்பாலும் பொழுது சாயும் வேளையில், இரவுப் பயணத்துக்கென்று எழும்பும். ஒரு சித்திரை மாலை நான் கண்டதைச் சொல்கிறேன். பாறையில் நின்ற உப்புக்கொத்திக் கூட்டத்தில் ஏதோ ஒரு பதற்றம். ஒன்று கூவ மற்றவை கூவின. எழும்பி ஒரு வட்டம் அடித்து, திரும்பி இறங்கி, மறுபடி எழும்பின. மூன்றாம் தரம் எழும்பியவை இறங்கவில்லை. வரிசை கட்டி, உயரம் ஏறி, நேரே வடக்கே போயின. அருகில் வலை தெரிந்துகொண்டிருந்த ஐயா நிமிர்ந்து பார்த்துவிட்டு, “போகுதுகள், இனி ஐப்பசிக்குத்தான்” என்றார். அவர் அதை வருடாவருடம் பார்த்தவர். எங்கள் பட்டியல்களில் அந்த அறிவு எங்கேயும் இல்லை.

தமிழில் வலசைப் பறவையைப் பற்றிய மிகப் புகழ்பெற்ற பாட்டும் இந்தப் பருவத்தினுடையதுதான் என்பதை யோசித்துப் பாருங்கள். சத்திமுத்தப் புலவர் நாரையைத் தூது விட்டது, அது தெற்கே வரும்போது அல்ல. குமரியில் நீராடிவிட்டு வடக்கே திரும்பும்போது. அதன் அலகைப் பிளந்த பனங்கிழங்கோடு ஒப்பிடும் அளவுக்கு உற்றுப் பார்த்த மனிதர், அது எந்தத் திசையில் எப்போது போகும் என்பதையும் சரியாகவே கவனித்திருக்கிறார்.

கடலை மட்டும் பார்த்து நிற்கவேண்டாம். ஆறுமணிக் குருவியை உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஐப்பசியில் களைத்து வந்து யாழ்ப்பாணத்து வீட்டுக் கோடிகளில் விழும் பலநிறக் குருவி. அதுவும் சித்திரையில் வடக்கே திரும்பவேண்டியதுதான். கரையோர வளவுகளில், பூவரசு, ஆடாதோடை, காட்டாமணக்கு மண்டிய இடங்களில் காலையும் மாலையும் அதன் இரட்டைக் குரலைக் கேளுங்கள். மின்கம்பிகளில் தகைவிலான்கள் சேரும். நீலவால் பஞ்சுருட்டான்கள் கூட்டமாக உயரத்தில் பேசிக்கொண்டு போகும். ஆளில்லாமல் பற்றையேறிக் கிடக்கும் வீட்டு அத்திவாரங்கள் மயிலிட்டியில் இன்னும் இருக்கின்றன. அவற்றைச் சுற்றியுள்ள பற்றைகளில்தான் இந்தக் குருவிகள் தங்குகின்றன. அந்த வளவுகளின் சொந்தக்காரர் திரும்பி வந்து வீடு கட்டவேண்டும் என்பதே என் விருப்பம். கட்டும்போது வேலியோரத்துப் பூவரசுகளை மட்டும் விட்டுவைத்தால் குருவிக்கும் இடம் இருக்கும்.

எல்லாம் போய்விடுவதும் இல்லை. முதல் வருடக் குஞ்சுகளாக வந்த கரைப்பறவைகளில் சில, இனப்பெருக்க வயது வராததால், கோடையிலும் இங்கேயே சாம்பல் நிறத்தோடு நிற்கும். ஆலாக்களுக்கோ காலம் இப்போதுதான் தொடங்குகிறது. வைகாசிக்குப் பிறகு தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடையிலுள்ள மணல்திட்டுகளில் பலவகை ஆலாக்கள் முட்டையிடும். இன்னொரு குடியிருப்பாளரையும் சொல்லவேண்டும். வெறும் மணலில் முட்டையிடும் சின்ன உப்புக்கொத்தி ஒன்றை நாங்கள் நெடுங்காலம் வெளிநாட்டு இனத்தின் ஒரு கிளை என்றே எண்ணியிருந்தோம். அது தென்னிந்தியாவுக்கும் இலங்கைக்கும் உரிய தனி இனம் என்று 2023 இல் வெளியான ஆய்வு நிறுவியது. ஆய்வாளர்கள் அதற்கு அனுமன் உப்புக்கொத்தி என்று பெயர் வைத்தார்கள். மணலில் குறுக்கே ஓடி, செட்டை ஒடிந்ததுபோல் நடித்து உங்களை இழுத்துப்போகப் பார்த்தால், பக்கத்தில் முட்டை இருக்கிறது என்று அர்த்தம். வந்த வழியே திரும்பிவிடுங்கள். படம் எடுக்கவேண்டாம்.

இனிக் கடல். உங்கள் அப்பாவின் ஆட்களுக்கு இதைப்பற்றி நான் சொல்லத் தேவையில்லை. தூரத்தில் ஆலாக்கள் ஒரே இடத்தில் விழுந்து விழுந்து எழும்பினால் கீழே மீன்பாடு இருக்கிறது என்பது வள்ளத்தில் போன ஒவ்வொருவருக்கும் தெரியும். அந்த இடத்தில் ஓங்கில்களும் இருக்கக்கூடும். கடல் அமைதியான சித்திரைக் காலையில் கரையில் நின்றே முதுகுச் செட்டைகளைக் காணலாம். இன்னும் வெளியே போய்ப் பார்க்க ஆசை என்றால் நாகபட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் இடையே 2023 ஒக்ரோபரில் தொடங்கிய பயணிகள் கப்பல் இருக்கிறது. இடையில் நின்றுபோய் 2024 ஓகஸ்டில் மறுபடி ஓடத் தொடங்கியது. நாலு மணிநேரம் அளவில் பாக்கு நீரிணையின் நடுவே மேல்தளத்தில் நின்று கடற்பறவை பார்ப்பதற்கு இதைவிட மலிவான வழி எனக்குத் தெரியாது.

ஆமைகளும் இந்தப் பருவத்தவை. தமிழ்நாட்டுக் கரையில் பங்குனி ஆமை என்று அழைக்கப்படும் சிற்றாமை தையிலிருந்து பங்குனி வரை முட்டையிட, பங்குனி, சித்திரையில் குஞ்சுகள் கடலுக்கு இறங்கும். சென்னையில் மாணவர்கள் 1988 இலிருந்து ஆண்டுதோறும் இந்த மாதங்களில் இரவிரவாகக் கரையில் நடந்து முட்டைகளைக் காத்து வருகிறார்கள். எங்கள் பங்கு அவ்வளவு பெருமையானதல்ல. யாழ்ப்பாணச் சந்தையில் ஆமையை உயிரோடு வைத்துத் துண்டு துண்டாக அரிந்து விற்றதைப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் பிரித்தானிய அதிகாரி எமர்சன் ரெனன்ற் அருவருப்போடு எழுதிவைத்தார். ஆமை 1972 இலிருந்தும் ஆவுளியா என்னும் கடற்பசு 1970 இலிருந்தும் இலங்கையில் சட்டத்தால் காக்கப்படுகின்றன. இருந்தும் வலையில் சிக்கியதைச் சத்தம் போடாமல் அறுக்கும் வழக்கம் முழுதாக நிற்கவில்லை. இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது, சொல்லாமல் விடுவதும் சரியல்ல.

ஆவுளியா தின்பது சாதாழை என்னும் கடற்புல். எங்கள் தாத்தாமார் கரையில் ஒதுங்கிய சாதாழையை வண்டியில் ஏற்றிப் புகையிலைத் தோட்டத்துக்கும் தென்னைக்கும் பசளையாகப் போட்டார்கள். அந்தப் புல்வெளி கடலடியில் இருக்கும்வரைதான் ஆவுளியாவும் பேராமையும் இறாலும் இருக்கும். தமிழ்நாடு அரசு 2022 செப்ரெம்பரில் தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டங்களை ஒட்டிய பாக்கு விரிகுடாவில் 448 சதுர கிலோமீற்றரைக் கடற்பசுப் பாதுகாப்பகமாக அறிவித்தது. நல்ல காரியம். ஆனால் அடியை வழித்துக்கொண்டு போகும் இழுவைமடிக்குப் பாதுகாப்பகத்தின் எல்லையும் தெரியாது, நாட்டின் எல்லையும் தெரியாது. ஆமை மூச்சுவிட மேலே வரவேண்டிய பிராணி. மணிக்கணக்காக இழுபடும் மடிக்குள் அகப்பட்டால் மூழ்கிச் சாகும். 2025 தொடக்கத்தில் சென்னைக் கரையில் ஆயிரத்துக்கு மேற்பட்ட சிற்றாமைகள் செத்து ஒதுங்கின. இழுவைவலைமீதே பழி விழுந்தது.

மயிலிட்டித் துறைமுகத்துக்கு வந்தால் அந்தப் படகுகளையே நேரில் காண்பீர்கள். எல்லை தாண்டிப் பிடிபட்ட இந்திய இழுவைப் படகுகளை இங்கேதான் கொண்டுவந்து கட்டுகிறார்கள். எங்கள் வள்ளங்களுக்கு இடத்தை அடைத்துக்கொண்டு அவை இற்றுப்போகின்றன. ஆலாக்கள் அவற்றின் கயிறுகளில் வரிசையாக உட்காருகின்றன. பிடிபட்டு நிற்பவர்கள் கூலிக்கு வந்த ஏழைத் தமிழர்கள். அவர்கள்மேல் எனக்குக் கோபம் இல்லை. ஆனால் இழுவைமடி நிற்கவேண்டும், இரண்டு கரையிலும் நிற்கவேண்டும். இலங்கையில் அது 2017 இல் சட்டப்படி தடைசெய்யப்பட்டது. தமிழ்நாட்டுக் கிழக்குக் கரையில் ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் இழுவைப் படகுகள் கடலுக்குப் போகக்கூடாது. அந்த இரண்டு மாதம் எங்கள் வலைகள் அறுபடுவது குறைகிறது. தொடுவானத்தில் இரவு விளக்குகள் மறைகின்றன. சித்திரை நடுவில் உங்களை வரச்சொல்ல இதுவும் ஒரு காரணம். அடியோடு வழிக்கப்படாத கடல் எப்படி இருக்கும் என்று அப்போதுதான் கொஞ்சமாவது தெரியும்.

இவ்வளவும் எழுதியது ஒரு வேண்டுகோளுக்காக. 1990 ஜூன் 15 இல் மயிலிட்டி மக்கள் எழும்பி ஓடினார்கள். துறைமுகமும் அதைச் சேர்ந்த 54 ஏக்கரும் 2017 ஜூலை 3 இல்தான் திரும்பக் கிடைத்தன. இடைப்பட்ட 27 ஆண்டுகள் இது இராணுவத்தின் உயர் பாதுகாப்பு வலயம். எந்தப் பறவை எப்போது வந்தது, எப்போது போனது, ஆமை எங்கே ஏறியது என்று ஊர்க்காரர் எவரும் பார்க்க முடியவில்லை. 1850களில் வடபகுதியில் அரசாங்க உத்தியோகம் பார்த்த எட்கர் லேயார்ட் பருத்தித்துறைப் பக்கத்துப் பறவைகளைப் பற்றி விரிவாக எழுதி, 1853, 1854 இல் இங்கிலாந்துச் சஞ்சிகையில் வெளியிட்டார். அவ்வளவு பழைய குறிப்பு ஒரு வெள்ளைக்கார உத்தியோகத்தரால் எங்களுக்குக் கிடைத்திருக்கிறது. எங்கள் காலத்துக் குறிப்பு எங்களிடம் இல்லை. ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு ஆண்டுதோறும் ஜனவரியில் நடக்கிறது. அது மாரிக்கு வந்து தங்கியவற்றைக் கணக்கிடும், போகும் காலத்தைக் கணக்கிடாது. உலக வலசைப் பறவைகள் தினம் மே மாதம் இரண்டாவது சனிக்கிழமை வருகிறது. அதற்குள் எங்கள் கரையிலிருந்து பெரும்பாலானவை போய்விடும். பங்குனி, சித்திரையை யாராவது எழுதவேண்டும். அந்த யாராவது நீங்களாக இருக்கலாம்.

கமெரா கட்டாயமில்லை. ஒரு கொப்பி போதும். திகதி, நேரம், காற்று எந்தப் பக்கம், கடல் கலங்கலா தெளிவா, என்ன பறவை, எத்தனை, எந்தத் திசையில் போனது. பெயர் தெரியாவிட்டால் உருவத்தையும் நிறத்தையும் எழுதுங்கள், ஊகித்துப் பெயர் போடவேண்டாம். முடிந்தால் ஈபேர்ட் என்னும் பறவைப்பதிவுத் தளத்திலும் ஏற்றுங்கள். பறவையியல் களக் குழு 1976 இலிருந்து கொழும்பில் இயங்குகிறது, அவர்களோடும் தொடர்பில் இருங்கள். கரையில் செத்து ஒதுங்கிய ஆமையோ ஓங்கிலோ கண்டால் நீளத்தை அளந்து, படம் எடுத்து, வனஜீவராசிகள் திணைக்களத்துக்கு அறிவியுங்கள். தொடவேண்டாம். இன்னமும் விடுவிக்கப்படாத காணிகள் பக்கத்தில் இருக்கின்றன. அந்தப் பக்கம் தொலைநோக்கியைத் திருப்பாதீர்கள். வாடியில் வேலைசெய்பவர்களிடம் சொல்லிவிட்டே கரையில் இறங்குங்கள். நீங்கள் யாருடைய மகன் என்று சொன்னால் அவர்களே கூட்டிக்கொண்டுபோய் இடம் காட்டுவார்கள்.

வருவதற்கு முன்னம் ஒரு காரியம் செய்யுங்கள். அப்பாவோடும் அவருடைய வயதுக்காரரோடும் இருந்து, 1990 க்கு முதல் மயிலிட்டிக் கடலில் ஆவுளியா கண்டார்களா, எந்த மாதம், எந்த இடத்தில், ஆமை எங்கே ஏறியது, சோளகம் எழும்பும்போது எந்தப் பறவை போனது என்று கேட்டு, அவர்கள் சொல்லும் சொல்லிலேயே எழுதிக்கொள்ளுங்கள். அன்று தொழிலுக்குப் போன இளந்தாரிகளுக்கு இன்று அறுபதுக்கு மேல். மூத்தவர்கள் பலர் நலன்புரி நிலையங்களிலேயே கண்ணை மூடிவிட்டார்கள். இந்த வேலையை அடுத்த வருடத்துக்குத் தள்ளிவைக்காதீர்கள்.

அன்புடன்,
உங்கள் அப்பாவின் ஊர்க்காரன்